280 குதிரையும் மேலுமலை ஏற்றமும்

போன மே மாதம் ஒரு மதிய நேரம். மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் பைபாஸில் வரிசை கட்டி நிற்கின்றன. கிருஷ்ணகிரியில் என் பட்டறை வாசலில் ஒரு சின்ன டர்போ கார் கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டு நின்றது. இறங்கிய பையனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கலாம். முகமெல்லாம் வேர்வை.

"அண்ணா, மேலுமலை ஏறிட்டு இருந்தோம். டக்குனு ஒரு சத்தம். அப்புறம் வண்டி இழுக்கவே இல்ல, நடுங்குது."

மூன்று சிலிண்டர் இன்ஜின், ஒரு லிட்டர். கூடவே டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சின்னச் சக்கரம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தேன். முதல் சிலிண்டரும் மூன்றாவதும் 170 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தொட்டன. நடுவில் உள்ளது 60-லேயே நின்றுவிட்டது. இன்ஜினை இறக்கி, பிஸ்டனைக் கையில் எடுத்தபோது, மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய அலுமினிய வரப்பில் ஒரு துண்டைக் காணோம். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்து போயிருந்தது. உருகிய அடையாளம் இல்லை. சுத்தியலால் தட்டி உடைத்ததுபோல் விளிம்பு கூர்மையாக இருந்தது.

விசாரித்தால், இரண்டு மாதத்துக்கு முன்னால் பெங்களூரில் ஓர் இடத்தில் ரீமேப் செய்திருக்கிறான், அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுத வைத்திருக்கிறான். லேப்டாப்பை மாட்டி நாற்பது நிமிடத்தில் 100 குதிரைத்திறனை 130 ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஓசூர் போகும் வழியில் உள்ள மேலுமலை ஏற்றத்தில் வண்டிக்குள் நான்கு பேர், ஏசி ஓடுகிறது, நான்காவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,800 சுற்று) ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்திருக்கிறான். கியரை ஏன் இறக்கவில்லை என்று கேட்டேன். "டார்க்தான் இருக்கேண்ணா, எதுக்கு இறக்கணும்?"

அவன் போன் திரையில் ஆரஞ்சு நிற சூப்ரா. "முப்பது வருசத்துக்கு முன்னாடியே டொயோட்டாக்காரன் 280 குதிரை எடுத்திருக்கான். நான் ஒரு முப்பது குதிரை கூட்டினா உடைஞ்சிடுமா?" என்றான். நியாயமான கேள்விதான். திட்டி அனுப்புவதைவிட உட்கார்ந்து பதில் சொல்லலாம் என்று தோன்றியது. அன்று அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் பட்டறை போடுவதற்கு முன் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒன்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான். ஜப்பான்காரர்களின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களை, அதாவது கூபேக்களை, அங்கேதான் உள்ளும் புறமும் பார்த்தேன். அந்தக் கார்களைப் பற்றி நம் பையன்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் எண். 280. அந்த எண்ணின் கதையே வேறு.

1989-ல் நிஸான் 300இசட்எக்ஸ் 280 குதிரையோடு வந்தது. அதற்கு மேல் விளம்பரத்தில் போடுவதில்லை என்று ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம் வைத்துக்கொண்டன. 2004-ல் ஹோண்டா லெஜண்ட் 300 என்று போடும்வரை அது நீடித்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் வந்த பெரிய கூபே எதை எடுத்தாலும் கடைசியில் காகிதத்தில் 280 என்றுதான் நிற்கும். சிலவற்றின் இன்ஜின் உண்மையில் 300-ஐத் தாண்டியது என்பது ஊரறிந்த ரகசியம். ஆக, அந்தக் காலத்து கார்களை ஒப்பிட வேண்டுமானால் குதிரைத்திறனை மூடி வைத்துவிட்டு, 'எத்தனை ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க்' என்றுதான் பார்க்க வேண்டும். டார்க் என்பது சக்கரத்தை முறுக்கித் தள்ளும் விசை. கிணற்றில் கமலை இறைக்கும் மாட்டின் இழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைத்திறன் என்பது அந்த இழுப்போடு அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதையும் சேர்த்த கணக்கு. கொஞ்சமாக இழுத்து வேகமாக ஓடினாலும் 280 வரும். நிறைய இழுத்து நிதானமாக நடந்தாலும் 280 வரும்.

ஹோண்டா என்எஸ்எக்ஸ் முதல் வகை. 1990-ல் வந்தது. மூன்று லிட்டர் வி6, டர்போ கிடையாது. 280 குதிரை 7,300 ஆர்பிஎம்மில் கிடைக்கும். டார்க் 294 நியூட்டன் மீட்டர், அதுவும் 5,400-ல். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் இரண்டு விதமான முகடு வைத்து, ஆறாயிரத்தை நெருங்கும்போது உயரமான முகட்டுக்கு மாறும் விடெக் ஏற்பாடு. அந்த வேகத்தில் சுற்ற, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு லேசாக இருக்க வேண்டும் என்று டைட்டானியத்தில் செய்தார்கள். சாலையில் ஓடும் கார் ஒன்றில் அதற்கு முன் அப்படிச் செய்தவர் இல்லை.

டொயோட்டா சூப்ரா இரண்டாவது வகை. 1993-ல் வந்த மாடலில் 2,997 சிசி, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். பையன்கள் மந்திரம்போல் சொல்லும் '2ஜேஇசட்' அதுதான். டர்போ வைத்ததில் அதே 280 குதிரை. ஆனால் டார்க் 431, வெறும் 3,600 ஆர்பிஎம்மிலேயே. இரண்டு டர்போவும் ஒன்றாக வேலை செய்யாது. முதலில் ஒன்று விழிக்கும். 4,000 ஆர்பிஎம் வாக்கில் இன்னொன்று சேரும். சிலிண்டர்களைத் தாங்கும் இதன் பிளாக் வார்ப்பிரும்பு. கிராங்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். ஷார்ஜாவில் முதல் தடவை அந்த பிளாக்கைத் தூக்கி மேஜையில் வைக்க இரண்டு பேர் போதவில்லை, செயின் புல்லி போட்டோம். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவர்கள் 280-க்காக இதைக் கட்டவில்லை என்று. 280-ஐ 500 ஆக்கினாலும் அது உடையாமல் நின்றதற்கு ரீமேப் போட்டவரின் திறமை காரணம் இல்லை; கட்டியவர்கள் முன்கூட்டியே விட்டு வைத்த இரும்பு காரணம்.

நம் சின்ன டர்போ கார்களில் அந்த உபரி இரும்பு கிடையாது. மைலேஜுக்காக பிஸ்டனை ஒல்லியாக்கி, ரிங்கை மெலிதாக்கி, பிளாக்கை அலுமினியத்தில் வார்த்திருக்கிறார்கள். கம்பெனி கொடுத்த 100 குதிரைக்கு அது தாராளமாகப் போதும். அதற்கு மேலே இருக்கும் இடைவெளி மோசமான பெட்ரோலுக்காகவும், மே மாத வெயிலுக்காகவும், நாலு பேரோடு ஏறும் ஏற்றத்துக்காகவும் விட்டு வைத்தது. ரீமேப் அந்த இடைவெளியைத்தான் எடுத்துச் செலவு செய்கிறது.

நிஸானின் ஸ்கைலைன் ஜிடிஆர் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். 1989-ல் வந்த ஆர்32-வின் இன்ஜின் 2,568 சிசி. அதென்ன இரண்டரையும் இல்லாமல் மூன்றும் இல்லாமல் 2.6? குரூப் ஏ பந்தய விதியில் டர்போ இருந்தால் சிசியை 1.7-ஆல் பெருக்கிக் கணக்கிடுவார்கள். 2,568-ஐப் பெருக்கினால் சுமார் 4,366. 4,500 சிசி வகுப்புக்குள் அடங்கிவிடும். விதிப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்த இன்ஜின். டார்க் 353, 4,400-ல். மிட்சுபிஷி ஜிடிஓ அதைவிட அதிகமாக 417-ஐ 2,500 ஆர்பிஎம்மிலேயே கொடுத்தது. ஆனால் வண்டி எடை 1,700 கிலோ. இழுப்பின் பாதி தன்னையே சுமப்பதற்குப் போய்விடும்.

மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஓர் ஆச்சரியம். பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவ ரோட்டார் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி. 1991-ல் 255 குதிரை, 1999-ல் 280. எடை 1,300 கிலோவுக்குள். வளைவுகளில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறு கார் தெரியாது. ஆனால் முக்கோணத்தின் மூன்று நுனியிலும் உள்ள சீல்களுக்கு எண்ணெய் போட, இன்ஜின் ஆயிலையே சிறிது சிறிதாக உள்ளே விட்டு எரிக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆயில் குறைவது கோளாறு அல்ல, வேலையே அதுதான். ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பவனிடம் அது நீடிக்கும். அங்கே ஒரு வாடிக்கையாளர் சர்வீஸுக்கு சர்வீஸ் மட்டும் பார்த்தார். நுனி சீல் போய், ரோட்டார் சுவரில் நெடுக்கே கோடு விழுந்து வந்தது. அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தபோது நகம் மாட்டி நின்றது. நகம் மாட்டினால் அந்தப் பாகம் குப்பைக்குத்தான் என்று எங்கள் உஸ்தாத் சொல்லிக் கொடுத்திருந்தார். ஊருக்கு வந்த பிறகும் சிலிண்டர் சுவரை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இந்தக் கூபேக்களின் புதுத் தலைமுறை டொயோட்டா 86. சுபாரு பிஆர்இசட்டும் அதுவும் ஒரே வண்டிதான். இரண்டும் ஜப்பானில் சுபாரு ஆலையில் தயாராகின்றன. 2012-ல் வந்தபோது இரண்டு லிட்டர் பாக்ஸர் இன்ஜின், சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். 200 குதிரை, 205 நியூட்டன் மீட்டர். அந்த 205 கிடைப்பதோ 6,400-க்கு மேல். நடுவில் நான்காயிரத்தை ஒட்டி ஒரு பள்ளம். மிதித்தால் மூச்சு வாங்கும். உலகம் முழுக்க எல்லோரும் 'டர்போ போடுங்கள்' என்று கேட்டார்கள். 2021-ல் அடுத்த தலைமுறை வந்தபோது அவர்கள் போட்டது டர்போ இல்லை. சிலிண்டர் விட்டத்தை 86 மில்லிமீட்டரிலிருந்து 94 ஆக்கி 2.4 லிட்டராகப் பெருக்கினார்கள். 235 குதிரை, 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700-லேயே. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் நேரம் 7.4 நொடியிலிருந்து 6.3 ஆனது. குதிரை கூடியது 35 மட்டும்தான். பள்ளத்தை நிரப்பியதால் ஓட்டுகிறவருக்கு வேறு வண்டி போல் இருக்கிறது. எனக்குப் பிடித்த முடிவு இது. அந்த இன்ஜினில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது மட்டும் பிடிக்காது. வண்டியின் பக்கச் சட்டத்துக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே கை நுழைய இடமில்லாமல் முழங்கை தோலுரிந்துபோகும்.

சரி, இதெல்லாம் ஓசூருக்கு எதற்கு?

நம் பாதையைப் பாருங்கள். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர். மேலுமலை, சூளகிரி வழியாக ஏறி ஓசூர் போய்ச் சேரும்போது 900 மீட்டரை நெருங்குகிறோம். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு நூறு மீட்டருக்குச் சுமார் ஒரு சதவீதம் சக்தி குறையும் என்பது கைக்கணக்கு. சென்னையில் 90 குதிரை கொடுக்கிற இன்ஜின் ஓசூரில் 82, 83-தான் கொடுக்கும். 'சென்னையில் நல்லா இருந்துச்சு, இங்க வந்ததும் பிக்கப் இல்ல' என்று வருகிற வண்டிகளில் பாதிக்குக் கோளாறே இருப்பதில்லை. டர்போ வண்டிக்கு இந்தக் குறை தெரியாது. மெல்லிய காற்றை ஈடுகட்ட அது இன்னும் வேகமாகச் சுற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றுகிற சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றினால், அழுத்தப்படுகிற காற்று இன்னும் சூடாகும். ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் இருப்பது அந்தச் சூடுதான்.

இங்கே கடையில் கிடைக்கிற ஒரே காரில் இரண்டு வழியையும் பார்க்க வேண்டுமானால் மாருதி ஃப்ரான்க்ஸ் நல்ல உதாரணம். 1.2 லிட்டரில் டர்போ இல்லாமல் 113 நியூட்டன் மீட்டர், 4,400 ஆர்பிஎம்மில். ஒரு லிட்டர் டர்போவில் 147.6, 2,000-லிருந்து 4,500 வரை. குதிரைத்திறன் வித்தியாசம் பத்துதான். தினமும் ஓசூர் சிப்காட் போய் வருகிறவர், குடும்பத்தோடு மலை ஏறுகிறவர் டர்போவை எடுக்கலாம். ஆனால் ஆயிலில் கஞ்சத்தனம் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள் தர்மபுரி டவுனுக்குள் கடை கண்ணிக்குப் போகிறவருக்கு 1.2 போதும். இரண்டு கிலோமீட்டர் ஓடி, சூடேறுவதற்குள் நிற்கிற டர்போ இன்ஜினில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். அளவு ஏறினால் 'ஆயில் குடிக்காத நல்ல வண்டி' என்று சந்தோஷப்படாதீர்கள். மோந்து பாருங்கள்.

இப்போது அந்தப் பையனின் பிஸ்டனுக்கு வருவோம். டர்போ உள்ள, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் முழுச் சுமை விழும்போது, பிளக் பொறி விடுவதற்கு முன்னாலேயே கலவை தானாகப் பற்றிக்கொள்வதுண்டு. சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் துளியோ கரித்துகளோ தீக்குச்சி ஆகிவிடும். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடிப்பு கீழே தள்ளும். ஒரே அடியில் ரிங் வரப்பு பெயர்ந்துவிடலாம். ரீமேப் செய்தவர் பூஸ்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, கூட்டியிருக்கிறார். பையன் நான்காவது கியரில் 1,800-ல் மிதித்திருக்கிறான். ஊற்றியிருந்ததோ விலை குறைந்த ஏதோ ஓர் ஆயில். மூன்றும் ஒரே ஏற்றத்தில் சந்தித்துக்கொண்டன.

இதற்கு வைத்தியம் ரொம்பச் சாதாரணம். ஏற்றத்தில் ஒரு கியரை இறக்குங்கள், ஆர்பிஎம் முள் 2,500-க்கு மேல் நிற்கட்டும். ஆயில் டப்பாவின் பின்புறம் 'ஏபிஐ எஸ்பி' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2020-ல் வந்த அந்தத் தரத்தில் இந்த முன்கூட்டிப் பற்றும் கோளாறுக்கென்றே சோதனை உண்டு. மற்றபடி உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடை மீறாதீர்கள், என்னைப் போன்ற மெக்கானிக் சொன்னாலும் சரி. ஏற்றம் ஏறி, நேராக டீக்கடையில் நிறுத்தினால், சாவியைத் திருகுவதற்கு முன் ஒரு நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். டர்போவின் பேரிங்கில் தேங்கும் ஆயில் வெந்து கரியாகாமல் இருக்கும்.

தொப்பூர் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் இறக்கத்தில் லாரிக்காரர்கள் நியூட்ரலில் விட்டு எத்தனை விபத்து ஆகிறது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் ஓட்டுகிறவர்கள் கவனிக்காத விஷயம், ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் ஏற்றத்தில் ஒன்றரை லிட்டர் போல் இழுத்தாலும், இறக்கத்தில் வண்டியின் வேகத்தை ஒரு லிட்டர் அளவுக்குத்தான் பிடித்து நிறுத்தும். காலை எடுத்துவிட்டால் டர்போ வேலை செய்யாது. பழைய ஒன்றரை லிட்டர் காரில் நான்காவது கியரில் இறங்கிப் பழகியவர்கள் புது டர்போ காரில் மூன்றுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, இரட்டைப் பாலம் வரும்போது டிஸ்க்கில் கருகல் வாடை அடிக்கும்.

'இன்ஜினையே மாற்றிவிடலாமாண்ணா' என்று கேட்பவர்களும் உண்டு. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் அதைத்தான். அப்புறம், 'வெளிநாட்டிலிருந்து பழைய சூப்ரா சல்லிசாக வருகிறது' என்று ரீல்ஸ் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேலான பழைய காரை இறக்குமதி செய்ய இங்கே சாதாரணமாக விதி இடம் கொடுக்காது. 1993 மாடல் எந்தக் கணக்கில் வரும்?

பையனின் வண்டிக்குப் பிஸ்டன் செட், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் மாற்றி, சிலிண்டர் சுவரில் நகம் மாட்டாததால் அதைக் குடைந்து பெரிதாக்கும் போர் வேலை மிச்சமாகி, இரண்டரை வாரத்தில் கொடுத்தேன். கம்பெனி மேப்பையே திரும்ப ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேன். போன் திரையில் சூப்ரா அப்படியே இருக்கிறது. இருக்கட்டும், என் பட்டறைச் சுவரிலும் ஓர் ஆர்எக்ஸ்-7 படம் தொங்குகிறது.

பழைய டர்போ கார் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து புகையைத் தீர்த்திருக்கிறார்கள். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டர்போவின் வாயில் விரலை விட்டு, அந்தச் சின்னச் சக்கரத்தின் நடுத்தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருக்கலாம். இறக்கை சுவரில் உரசினால் வேண்டாம். பிறகு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். வண்டி விற்பவர் "மேலுமலை வேணாங்க, பைபாஸ்லயே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்" என்றால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.